தேசத்தின் ஐந்தொகை
(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வர்த்தகத்தையே வாழ்வாகக் கொண்ட நமக்கு ஐந்தொகை புதிதன்று. ஒரு கடையில் விற்பனை பெருகியது கண்ட அளவிலே அக்கடை நன்னிலையில் உள்ளதென்று நம்மில் எவரும் துணியார். கையிருப்பு யாது, கடன் எவ்வளவு, தவணை எப்போது என்று வினவிய பின்னரே பேரேட்டை மூடுவோம். ஆயின் ஒரு தேசத்தின் பொருள்நிலையைப் பற்றிப் பேச நேருங்கால் இவ்வெச்சரிக்கையைக் கைவிட்டு, பத்திரிகைகள் பறைசாற்றும் வளர்ச்சி விகிதம் ஒன்றையே பற்றிக்கொள்கிறோம். இதனால் விளையும் மயக்கத்தை இலங்கையின் அண்மைச் சரித்திரம் தெளிவாய்க் காட்டும். முன்னாளில் கொழும்புச் செட்டியார் தெருவில் கடை நடத்திய நம்மவர்க்கு அத்தேசம் அந்நியமுமன்று.

2021ஆம் வருஷத்தில் இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 3 சதவிகிதத்துக்கு மேல் வளர்ந்ததாகக் கணக்குக் கூறிற்று. முந்திய வருஷம் கொள்ளைநோயால் உற்பத்தி சுருங்கியிருந்தபடியால், அது பள்ளத்தினின்று ஏறிய ஏற்றமே. அந்நியச் செலாவணிக் கையிருப்போ, 2019 முடிவில் ஏறத்தாழ 760 கோடி டாலராயிருந்தது, 2021 முடிவில் 310 கோடியாகத் தேய்ந்தது. அதிலும் சுமார் 150 கோடி, சீன மத்திய வங்கியுடன் செய்துகொண்ட நாணய மாற்று ஏற்பாட்டால் வந்தது. நினைத்தபோது எடுத்துச் செலவிடக் கூடியதன்று. மூன்று மாத இறக்குமதிக்கேனும் கையிருப்பு வேண்டுமென்பது பொருளாதார நூலோர் கொள்ளும் பொது அளவு. அம்முழுத் தொகையையும் எண்ணினும் இரண்டு மாதத்துக்குக் காணாது.

உண்டியல் வழக்கத்தை அறிந்த நமக்கு மற்றொரு குறியும் புலப்படும். அரசாங்கம் டாலரின் மதிப்பைச் சுமார் 203 ரூபாயில் நிறுத்தி வைத்திருந்தது. வெளிச்சந்தையில் விலை அதிகம். ஆகவே கடல்கடந்து உழைப்போர் பலர் வங்கியை விடுத்து உண்டியல் வழியே பணம் அனுப்பலாயினர். 2020இல் ஏறத்தாழ 710 கோடி டாலராயிருந்த வங்கி வரவு, 2021இல் 550 கோடியாய்க் குறைந்தது.

2022 ஏப்ரல் 12இல் அவ்வரசாங்கம் அந்நியக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வருஷம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 69.8 சதவிகிதத்தை எட்டிற்று. எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் ஜனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாமனைவரும் அறிவோம்.

அடுத்த செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவிகிதமாய் இறங்கிற்று. விலைகள் பழைய நிலைக்கு வந்துவிட்டனவென்று இங்கே பலர் பேசிக்கொண்டனர். பணவீக்கமென்பது விலையன்று, விலை ஏறும் வேகம். 100 ரூபாய்ப் பண்டம் 170 ஆகி, மறுவருஷம் 172இல் நின்றால் பணவீக்கம் அற்பமே. வாங்குவோன் கொடுப்பதோ 172. கூலி 100லேயே நின்றவன் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்?

இன்று பிற்பகல் நமது மாணவர் உதவி நிதியை ஐந்து வருஷத் தவணையில் வைப்பிடும் தீர்மானம் வருகின்றது. அதில் வட்டி விகிதம் மாத்திரமே எழுதப்பட்டிருக்கிறது. வட்டிக்கு எதிரே விலையேற்றத்தையும், மாணவரின் கல்விச் செலவு ஏறியுள்ள அளவையும் குறித்துத் தரும்படி காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொண்டு, அதன்பின் வாக்களிக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.