மார்க்கு எதை அளக்கிறது?

(தொழிலாளர் மாலை வகுப்பில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)

கல்லூரியில் மனோதத்துவ சரித்திரம் என்று ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தில் மாணவர் எழுதிய தாளுக்கு எப்படி மார்க்கு போடுகிறார்கள் என்பதே இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம். "ஆலையில் நூல் நூற்கிறவனுக்கும், வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக் கூடும். வேலை இருக்கிறது. அளவு என்றால் என்ன என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? நெல்லை வாங்கும்போது பெரிய மரக்கால், கூலி அளக்கும்போது சின்ன மரக்கால் என்று இருந்த நாட்களை நம் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். "துணியில் குற்றம்" என்று மேலே இருக்கிறவர் ஒரு சொல் சொன்னால் கூலி குறைந்தது. அந்தக் குற்றம் எங்கே என்று காட்டச் சொல்வதற்கே சங்கம் வேண்டியிருந்தது.

அளக்கும் கருவி சரியானதா? அளக்கிறவர் யார்? எதை அளக்கிறார்? இந்த மூன்று கேள்விகளும் நமக்குப் பழகியவை. இவற்றையே பரீட்சைத் தாளிடமும் கேட்போம்.

பாடமும் அதன் விலைப்பட்டியலும்

மனோதத்துவம் என்பது மனிதன் எப்படி உணர்கிறான், நினைக்கிறான், கற்கிறான் என்று ஆராயும் சாஸ்திரம். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்துச் சர்வகலாசாலையில் 1879-ல் வில்ஹெல்ம் வுண்ட் பரிசோதனைச் சாலை அமைத்ததிலிருந்து அது தனி விஞ்ஞானமாக வளர்ந்தது என்று சொல்வது வழக்கம். அந்த விஞ்ஞானம் நடந்து வந்த பாதையைச் சொல்வதுதான் இந்தப் பாடம். அமெரிக்கக் கல்லூரிகளில் மனோதத்துவப் பட்டத்துக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் கடைசி ஆண்டுகளில் இதைப் படிக்கிறார்கள்.

அங்கே வகுப்பு தொடங்கும் நாளிலேயே பேராசிரியர் பாடத் திட்டத்தைக் கொடுத்து விடுவது வழக்கம். எத்தனை பரீட்சை, கட்டுரைக்கு எத்தனை பங்கு, வகுப்பில் விவாதிப்பதற்கு எத்தனை பங்கு, தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு பிடிப்பு, பிறர் எழுத்தைக் காப்பியடித்தால் என்ன தண்டனை என்பதெல்லாம் அதில் இருக்கும். நூற்றுக்கு 90-ம் அதற்கு மேலும் வாங்கினால் 'ஏ', 80 வாங்கினால் 'பி', 70-க்கு 'சி', 60-க்கு 'டி', அதற்குக் கீழே போனால் தோல்வி என்பது அங்கே பரவலான கணக்கு.

இது நல்ல ஏற்பாடு. ஆலையில் பீஸ் ரேட்டை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டச் சொல்கிறோமே, அதே நியாயம்தான். வேலை முடிந்த பிறகு ரேட்டைச் சொல்வது வேலை செய்தவனுக்கு அநீதி.

எடை போட்டவர்களின் கதை

இந்தப் பாடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மனிதனுக்கு மார்க்கு போடப் புறப்பட்டவர்களின் கதையே பாடத்தில் பெரும் பகுதி. அதைப் படிக்கும் மாணவர்களும் மார்க்குக்காக எழுதுகிறார்கள்!

பாரிஸ் நகரத்து ஆல்பிரட் பினே 1905-ல் சைமன் என்பவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்து கொடுத்தார். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்குத் தனிக் கவனத்தோடு கற்றுக் கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம். அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்ட சரக்கு, அது கூடாது என்று சொல்வதை பினே கடுமையாக மறுத்தார். 1911-ல் அவர் இறந்தார். அவருடைய கருவி அமெரிக்கா போனது. அங்கே 1916-ல் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி வெளியிட்டார். உதவி செய்வதற்காகப் பிறந்த அளவுகோல், பிறவித் தரம் பிரிக்கும் அளவுகோலாக மாறியது.

முதல் உலக யுத்தம் வந்தது. 1917-லும் 1918-லும் சுமார் 17.5 லட்சம் சிப்பாய்களைச் சோதித்தார்கள். "கிரிஸ்கோ என்பது என்ன?" என்று ஒரு கேள்வி. மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அது அமெரிக்கக் கடைகளில் விற்ற ஒரு சமையல் கொழுப்பின் பெயர். இத்தாலியிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஏழைக் கூலிக்கு அது எப்படித் தெரியும்? தெரியாதவனை அறிவில் தாழ்ந்தவன் என்று எழுதிக் கொண்டார்கள்.

அமெரிக்காவில் அதிக வருஷம் வாழ்ந்தவர்கள் அதிக மார்க்கு வாங்கினார்கள். பழக்கமும் பாஷையும்தான் காரணம் என்பது பச்சைப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் கார்ல் பிரிகாம் என்ற பேராசிரியர் 1923-ல் எழுதிய புத்தகத்தில், பிற்பாடு வந்த ஜனங்கள் மட்டமான இனத்தார் என்று அர்த்தம் செய்தார். தெற்கு ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பா ஜனங்களுக்கு வாசலைக் குறுக்கிய குடியேற்றச் சட்டம் 1924-ல் வந்தது. அந்தச் சட்டத்தில் இந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு பங்கு என்று சரித்திர ஆசிரியர்கள் வாதாடுகிறார்கள். அன்றைய துவேஷத்துக்கு அது விஞ்ஞானச் சட்டை போட்டது என்பதில் வாதமில்லை. 1930-ல் பிரிகாமே தம் முடிவுகளுக்கு ஆதாரம் இல்லை என்று வாபஸ் வாங்கினார். ஆனால் சட்டம் ஏற்கனவே அமலில் இருந்தது.

ஒரே தாள், பல மார்க்கு

கருவியைப் பார்த்தோம். அளக்கிறவரைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1912-ல் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர் எழுதிய ஒரே இங்கிலீஷ் தாளைப் பிரதி எடுத்துப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். 142 பேர் மார்க்கு போட்டார்கள். ஒருவர் 64 என்றார். இன்னொருவர் 98 என்றார். "கணக்கில் இப்படி நடக்காது" என்றார்கள். 1913-ல் ஜியோமிதித் தாளை அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு 28-ம் விழுந்தது, 90-க்கு மேலும் விழுந்தது!

இங்கிலாந்தில் ஹார்டாக், ரோட்ஸ் என்பவர்கள் 1935-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் ருசியானது. 15 சரித்திரத் தாள்களை எடுத்துக் கொண்டார்கள். முன்பு நடந்த பரீட்சையில் அத்தனையும் ஒரே மார்க்கு வாங்கிய தாள்கள். 15 பரீட்சகர்களிடம் கொடுத்ததும் நாற்பதுக்கு மேற்பட்ட வெவ்வேறு மார்க்குகள் வந்தன. ஒரு வருஷத்துக்கு மேல் கழிந்த பிறகு அவர்களில் 14 பேரிடம் அதே தாள்களைக் கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்பு. அதில் 92-ல், தோல்வி, தேர்ச்சி, உயர்தரம் என்று தாம் முன்பு சொன்னதை அவர்களே மாற்றிச் சொன்னார்கள்.

அந்தப் பரீட்சகர்கள் அயோக்கியர்கள் அல்ல. யோக்கியர்கள் கையிலேயே தராசு இப்படி ஆடுகிறது. ஆகவே மனுஷர் நல்லவரா என்று கேட்டு நிறுத்திக் கொள்ளக் கூடாது. முறை என்ன என்று கேட்க வேண்டும்.

முறை எப்படி இருக்க வேண்டும்?

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம். சோவியத் மனோதத்துவ விஞ்ஞானி லூரியா 1931-லும் 1932-லும் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். "பனி மூடிய தூர வடக்கில் எல்லாக் கரடியும் வெள்ளை. நோவாயா ஸெம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்?" என்று எழுத்தறியாத விவசாயிகளைக் கேட்டார். "நான் போய்ப் பார்த்ததில்லை, பார்க்காததை எப்படிச் சொல்வேன்?" என்ற தோரணையில் பதில் வந்தது. சிறிது காலம் படித்தவர்களோ சட்டென்று "வெள்ளை" என்றார்கள். இதை விளக்குக என்பது கேள்வி.

ஒரு மாணவன் வருஷம், ஊர், பெயர் எல்லாம் பிசகில்லாமல் எழுதி, "விவசாயிகளுக்கு யோசிக்கத் தெரியவில்லை" என்று முடிக்கிறான். இன்னொரு மாணவி வருஷத்தைத் தவறாக எழுதுகிறாள். ஆனால் அதே விவசாயிகள் தாம் கண்டறிந்த விஷயத்தில் சரியாக யோசித்ததையும், கொஞ்சம் படிப்பு வந்ததும் பதில் மாறியதையும் சொல்லி, "குறை மூளையில் இல்லை, பள்ளிக்கூடம் இல்லாததில்தான்" என்று காட்டுகிறாள்.

யாருக்கு எத்தனை? தகவலுக்கு 30, காரண விளக்கத்துக்கு 40, மூலநூலைப் படித்த அடையாளத்துக்கு 20, தெளிவான நடைக்கு 10 என்று முன்பே பிரித்து வைத்தால் சண்டையில்லை. அவனுக்குத் தகவலில் 30, விளக்கத்தில் 10, மூலநூலில் 5, நடையில் 10. மொத்தம் 55. அவளுக்கு 20, 35, 15, 8. மொத்தம் 78. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி. தாளின் மேல் பெயர் வேண்டாம், நம்பர் போதும். சாதியும் தெருவும் பெயரில் ஒட்டிக் கொண்டு வருகிற இடத்தில் இது மிகவும் அவசியம். சந்தேகமான தாளை இரண்டாவது ஆசிரியர் பார்க்கட்டும். மார்க்கு குறைந்தால் மறுபடி பார்க்கச் சொல்லும் உரிமை மாணவனுக்கு இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. லூரியாவின் தோழர் வைகோட்ஸ்கி, 37 வயதில் 1934-ல் மறைந்தவர், ஒரு பெரிய உண்மையைச் சொன்னார். பிள்ளை இன்று பிறர் உதவியோடு செய்வதை நாளை தனியாகச் செய்வான். ஆகவே அவன் தனியாகச் செய்வதை மட்டும் அளந்தால் நேற்றையதைத்தான் அளக்கிறோம். கட்டுரையின் முதல் பிரதியை வாங்கிப் படித்து, பிழையைக் காட்டித் திருப்பிக் கொடுத்து, திருத்தி எழுதிய பிறகு மார்க்கு போடுகிற ஆசிரியர் இந்த உண்மைக்கு மதிப்பளிக்கிறார்.

தோழர்களே! மார்க்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மரக்கால் இல்லாமல் நெல் அளக்க முடியாது. ஆனால் மரக்கால் நெல்லைத்தான் அளக்கிறது, அறுத்தவளை அல்ல. ஒரு நாள் மூன்று மணி நேரம் எழுதிய தாளுக்கு 40 வந்தால், அந்தத் தாள் 40. பிள்ளை 40 அல்ல.

நம் வீட்டுப் பிள்ளை தாளோடு தலைகுனிந்து வந்தால் கையை ஓங்க வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து, "எதில் குறைத்தார்கள்? காரணம் எழுதியிருக்கிறதா?" என்று கேளுங்கள். காரணம் எழுதவில்லை என்றால், நீங்களே அவனோடு பள்ளிக்குப் போய், மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். கூலி குறைந்தால் கணக்குக் கேட்கத் தெரிந்த நமக்கு, மார்க்கு குறைந்தாலும் கணக்குக் கேட்கத் தெரியும்.