உறுதிமொழி ஏற்ற எழுத்தர்



ஆண்டு விழாவாகிய இந்நன்னாளில், நார்வே நாட்டு நீதிபதி ஒருவரை நினைவுகூர விழைகின்றோம். வில்ஹெல்ம் கிறிஸ்டி என்பது அவர் பெயர். 1778ஆம் ஆண்டில் பிறந்து, கோபன்ஹேகனில் சட்டம் பயின்று, பெர்கன் நகரை அடுத்த மாவட்டமொன்றில் நீதிபதியாக அமர்ந்தவர். அப்பதவிக்கு அந்நாட்டார் இட்ட பெயரின் பொருள் ‘உறுதிமொழி ஏற்ற எழுத்தர்’ என்பதாகும். உழவர் கூடித் தீர்ப்புரைத்த மன்றங்களில் அதனை எழுத வந்தவரே நாளடைவில் நீதிபதியானார்.

1814 ஜனவரியில், கீல் உடன்படிக்கையின்படி டென்மார்க் அரசர் நார்வேயை ஸ்வீடன் அரசருக்கு விட்டுக்கொடுத்தார். தம்மைக் கேளாது தம் நாடு கைமாறியதை நார்வே மக்கள் ஏற்கவில்லை. ஐட்ஸ்வோல் என்னும் ஊரில் 112 பேராளர்கள் கூடி, மே 17இல் அரசியலமைப்பை நிறுவித் தமக்கென ஓர் அரசரையும் தேர்ந்தனர். அவைத் தலைவர்கள் வாரந்தோறும் மாறினர். செயலாளர் மட்டும் மாறவில்லை. அவரே கிறிஸ்டி.

கோடையில் ஸ்வீடன் படையெடுத்தது. நார்வே சில வாரங்களுக்குள் தளர்ந்தது. ஆகஸ்டு 14இல் மோஸ் நகரில் போர் நிறுத்தம் ஏற்பட்டது. புதிய அரசர் முடிதுறக்க வேண்டியதாயிற்று. அக்டோபரில் ஸ்டோர்டிங் என்னும் நாடாளுமன்றம் முதன்முறை கூடியபோது, தலைமைப் பொறுப்பு கிறிஸ்டியிடம் வந்தது.

படை தோற்ற நாட்டின் சார்பில் பேச வந்தவருக்கு வலிமை ஏது? எழுத்து ஒன்றே. ஸ்வீடன் தூதர்களோடு அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் வாதாடினார். நவம்பர் 4இல் நிறைவேறிய திருத்தத்தைக் காண்மின்! ஸ்வீடன் அரசரை நார்வே ‘பெற்றுக்கொள்ள’வில்லை, தன் அரசராகத் ‘தேர்ந்தெடுத்தது’. ஸ்டோர்டிங் இசையாமல் நார்வேப் படையைப் பிறர்மேல் ஏவுதல் இயலாது. நார்வேயின் அலுவல்கள் நார்வே மொழியிலேயே எழுதப்படல் வேண்டும். 1905இல் அவ்விணைப்பு நீங்கிய பின்னும் அரசியலமைப்பு நிலைத்தது.

குறையை மறைத்தல் புகழாகாது. அச்சட்டம் யூதர்களை நாட்டினுள் நுழைய விடாமல் தடுத்தது. 1851 வரை அத்தடை நீங்கவில்லை. எழுதியோர் அனைவர்க்கும் அப்பழியில் பங்குண்டு. நன்றாய் எழுதப்பட்ட சொல் நிலைப்பது போலவே, தீதாய் எழுதப்பட்டதும் நிலைத்துவிடுகின்றது.

கிறிஸ்டி பின்னர் பெர்கனில் ஆளுநராயிருந்தார்; 1825இல் அங்கே அருங்காட்சியகம் நிறுவினார். அதிலிருந்தே பெர்கன் பல்கலைக்கழகம் 1946இல் கிளைத்தது. நார்வே மொழி என்று சட்டம் குறித்ததாயினும், ஏட்டில் இருந்தது பெரும்பாலும் டேனிஷ் நடையே. ஆகவே உழவரும் மீனவரும் பேசிய ஊர்ச்சொற்களை அவர் தாமே திரட்டி எழுதினார். 1849இல் மறைந்தார். அவர் தொகுத்த சொற்கள் இருபதாம் நூற்றாண்டில்தான் நூலாயின.

அன்பர்களே! கூட்டத்தில் முழங்குவோரை நாம் எளிதில் காண்கின்றோம். மூலையில் அமர்ந்து குறிப்பேடு எழுதுவோரை மறந்துவிடுகின்றோம். முழக்கம் ஓய்ந்து, படையும் தோற்ற பின்னர், ஒரு நாட்டுக்குத் துணையாய் நின்றது அக்குறிப்பேடே என்பதை எண்ணிப் பார்ப்போமாக.