பரீட்சையும் யோக்கியதையும்



வைத்தியக் கல்லூரியில் சேர நாடு முழுமைக்கும் ஒரே பரீட்சை வேண்டும் என்கின்ற விஷயத்தைப் பற்றிச் சிறிது பேசுவோம். பரீட்சையே கூடாது என்பது நமது கட்சியல்ல. பெயரையும் குலத்தையும் பாராமல் யந்திரம் மார்க்குப் போடுவது, சிபார்சுக்கு இடம் கொடுப்பதைவிட மேலானதேயாகும்.

ஆனால், ஓர் அளவுகோல் எதை அளக்கின்றது என்று கேட்பதுதானே பகுத்தறிவு? நீட் பரீட்சையில் கேள்விகள் 180. மொத்த மார்க்கு 720. விடை சரியானால் 4 கூடும். தப்பானால் 1 குறையும். கேள்விக்கு நான்கு விடைகள் கொடுத்திருப்பதால், ஒன்றுமே தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரி 45 மார்க்கு வரும். கேள்விதோறும் இரண்டு தப்பு விடைகளைத் தள்ளிவிட மாத்திரம் பழகியவன், மீதியைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரி 270! இந்தப் பழக்கத்தை விற்கும் கடைக்குத்தான் கோச்சிங் சென்டர் என்று பெயர். கடைச் சரக்கை வாங்கப் பணம் யாரிடமிருக்கின்றது?

தமிழ்நாட்டில் 2007-ல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2017-ல் நீட் வந்து புகுமட்டும் பிளஸ் டூ மார்க்கைக் கொண்டே சர்க்கார் கல்லூரிகளில் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்கள் இன்று டாக்டர்களாயிருந்து வைத்தியம் பார்க்கின்றார்கள். அதனால் வைத்தியம் கெட்டது என்று ருஜுப்படுத்தியவர் யார்? நீட் வந்த பிறகோ, சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 7.5 சதவிகிதம் தனியே ஒதுக்க 2020-ல் ஒரு சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. கதவு யாருக்கு அடைபட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொன்று பாருங்கள். 2023-ல் பட்ட மேற்படிப்பு இடங்கள் காலியாய்க் கிடக்கவே, மத்திய சர்க்கார் நீட் வரம்பைப் பூஜ்யமாக்கி, பரீட்சை எழுதினவரெல்லாம் இடம் கேட்கலாம் என்றார்கள். தகுதி போச்சு, திறமை போச்சு என்று கூச்சலிடுபவர்களின் தகுதி அன்று எங்கே போயிற்று? காலி இடத்துக்குக் கட்டணம் கட்ட ஆள் வேண்டுமானால் பூஜ்யமும் யோக்கியதை. கூலிக்காரன் மகள் வந்தால் மாத்திரம் யோக்கியதைக் குறைவா?

ஆகவே தோழர்களே, பரீட்சையைக் கடுமையாக்க வேண்டுமானால் படிப்பின் முடிவில் கடுமையாக்கட்டும். நோயாளியின் பக்கத்தில் நிறுத்தி, நோயைக் கண்டுபிடிக்கத் தெரியுமா, பிரசவம் பார்க்கத் தெரியுமா என்று சோதிக்கட்டும். நோயாளிக்கு வேண்டியது அந்த யோக்கியதையே ஒழிய, வாசலில் வாங்கிய மார்க்கல்ல. நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், கணக்கை நீங்களே போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.