நெற்றிப் பொட்டு

நூலக மாடிப்படி ஏறிவந்து இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் வாசகர் வட்டத்து நண்பர்களே!

முதலில் ஒரு காரியம். மைக்செட் தம்பி, வாசல் பக்கம் இருக்கிற பெட்டியை அணைத்துவிடப்பா. என் தொண்டைக்கு இந்த மாடியில் ஒரு பெட்டியே அதிகம். இன்னொன்று, இன்றைக்கு யாரும் கைதட்டாதீர்கள். முப்பது வருஷமாகக் கைதட்டலைத் தின்றே வளர்ந்தவன் சொல்கிறேன், நம்ப முடியாதுதான். பேச்சு பிடித்தால் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுங்கள். அதோ ஆட்டுகிறார்கள்! நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே ஐயா!

அழைப்பிதழில் எனக்குப் போட்டிருக்கிற தலைப்பு 'இலக்கியத்தில் பெண்'. இலக்கியத்தில் இருக்கிற பெண் எங்கும் ஓடிவிட மாட்டாள், அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம். இன்றைக்கு என் தங்கையைப் பற்றிப் பேசப்போகிறேன். எனக்குத் தங்கைகள் மூன்று பேர். எவள் என்று கேட்காதீர்கள். "பேரைச் சொல்லாதே, உனக்குத் தெரியாத கணக்கைச் சொல்லாதே, மற்றதைச் சொல்லிக்கோ" என்று உத்தரவு கொடுத்திருக்கிறாள். பேர் சொல்லாமல் இருந்துவிடுவேன். கணக்கு விஷயம்தான் மேடைப் பேச்சாளனுக்குக் கஷ்டம்.

அவள் கல்யாணத்தன்று நடந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். ஐயர் விரலைத் தூக்குகிறார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" தவில்காரர் இரண்டு பேர், நாதஸ்வரம் இரண்டு, மணவறையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். மொத்தமும் ஒரே நேரத்தில் இடி மாதிரி இறங்கியது. கல்யாணப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு கையாலும் காதை இறுக்கிப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். மாப்பிள்ளை தாலியோடு நிற்கிறார், கட்டுவதற்குக் கழுத்து அகப்படவில்லை! முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள். அவர்கள் அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள். ஐயா, வாயைத் திறக்காதீர்கள், பேர் வெளியே வந்துவிடும்.

அபசகுனம் என்றாள் அத்தை. இஷ்டமில்லாத கல்யாணமோ என்று சம்பந்தி வீட்டில் கிசுகிசுத்தார்கள். அவள் கையைப் பிடித்து இழுத்து, "திமிரா உனக்கு?" என்று பல்லைக் கடித்தவன் ஒருவன் உண்டு. அவன்தான் உங்கள் முன்னால் மைக் பிடித்து நிற்கிறான்.

கையை ஆட்டாதீர்கள், இது கைதட்டல் வாங்குகிற இடமில்லை.

சின்ன வயதில் பட்டுப்பாவாடை உடுத்த மாட்டாள், ஜரிகை குத்துகிறது என்று அழுவாள். பேசும்போது முகத்தைப் பார்ப்பதில்லை என்று அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறாள். அப்புறம் ஒருநாள் திடீரென்று பார்க்க ஆரம்பித்தாள். பெண் திருந்திவிட்டது என்று நினைத்தோம். முப்பது வருஷம் கழித்துச் சொன்னாள்: "நான் எப்பண்ணா கண்ணைப் பார்த்தேன்? அம்மா நெத்தியில இருந்த பொட்டைப் பார்த்தேன்." ஆண்களிடம் பேசினால் விபூதி, கண்ணாடிச் சட்டம். கல்லூரியில் எந்த இடத்தில் எவ்வளவு சிரிக்க வேண்டும் என்று பக்கத்துப் பெண்ணைப் பார்த்துப் பழகினாளாம். நாங்கள் கூத்துப் பார்த்தால் விடியவிடியப் பார்ப்போம், காலையில் ஆட்டக்காரன் அரிதாரத்தைக் கழுவிவிட்டுத் தூங்கப் போவான். இவள் கழுவவே இல்லை.

அவளுடைய மகனை ஏழு வயதில் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். சத்தம் கேட்டால் காதை மூடுவானா? ஒரே விஷயத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவானா? சோற்றில் குழம்பு பட்டால் தட்டைத் தள்ளுவானா? ஒவ்வொன்றுக்கும் "ஆமாம், நானும்" என்று சொல்லியிருக்கிறாள். கடைசியில் அந்த டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, "நீங்க உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துக்கலாமே" என்றார்கள். அப்போது அவளுக்கு வயது 41.

எங்கே போய்ப் பார்ப்பது? விசாரித்து ஓர் இடத்துக்குப் போனோம். சுவரெல்லாம் வாத்து, முயல். பெஞ்சு முழங்கால் உயரம். நம்பரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனாள். "பாப்பா எங்கே?" என்றார் சீட்டு எழுதுகிறவர். "நான்தான்." "இல்லம்மா, யாருக்குப் பார்க்கணும், பாப்பா எங்கே?" "நான்தான் சார்." படிவத்தில் 'குழந்தையின் பெயர்' என்று இருந்த இடத்தில் தன் பேரை எழுதினாள். 'தாயின் பெயர்' என்று இருந்த இடத்தில் செத்துப்போன எங்கள் அம்மா பேரை எழுதினாள். கேட்டதற்குச் சரியான பதில்தானே? சிரிக்கலாம், அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஆட்டிசத்துக்குப் பார்க்கத்தான் போனோம். அதில் பெண்ணை ஏன் யாரும் தேடவில்லை? 1943இல் அமெரிக்காவில், பால்டிமோரில், லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 8 பையன்கள், 3 பெண்கள். அடுத்த வருஷம் வியன்னாவில் ஆஸ்பெர்கர் என்ற மருத்துவர் நான்கு பேரை விவரித்து எழுதினார், நான்கும் பையன்கள். உலகம் அதையே பிடித்துக்கொண்டது. இந்த இரண்டு பேருக்கும் முன்னாலேயே மாஸ்கோவில் ஒரு பெண் மருத்துவர், க்ரூன்யா சுகரேவா, 1925இல் ஆறு பையன்களைப் பற்றி எழுதினார். இரண்டே வருஷத்தில் பெண்பிள்ளைகளைப் பற்றியும் தனியாக எழுதிவிட்டார்! அவர் பேர் இந்த மாடியில் யாருக்காவது தெரியுமா? எனக்கும் போன மாதம்தான் தெரியும். நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்று நெடுங்காலம் கணக்குச் சொன்னார்கள், இப்போது மூன்றுக்கு ஒன்று பக்கம் வந்திருக்கிறது. பெண்கள் எங்கிருந்தோ புதிதாக வந்து குதித்துவிட்டார்களா? தேடினார்கள், கிடைத்தார்கள். அதோ, இப்போது ஆட்டுங்கள் கையை!

இங்கே ஒருவரை நினைத்துக்கொள்ளாமல் என்னால் மேலே போக முடியாது. பேர் சொல்ல மாட்டேன், நாகரிகம் தடுக்கிறது. போன மாதம் பக்கத்து ஊர்ப் பட்டிமன்றத்தில் ஒரு நாவலர் பேசினார். "எங்க பாட்டி காலத்துல ஏது ஆட்டிசம்? எல்லாம் செல்போன் வந்தப்புறம் வந்த ஃபேஷன்" என்றார். கூரை பிய்ந்துவிடும்படி கைதட்டல். நாவலரே, உம் பாட்டி காலத்தில் ரத்தக்கொதிப்பு மட்டும் இருந்ததா? அளக்கிற கருவி இல்லை, பொசுக்கென்று விழுந்தால் காற்று கருப்பு அடித்தது என்று விட்டார்கள். ஊருக்கு ஊர் ஒரு சின்னத்தாத்தா இருந்தார், யாரோடும் பேசாமல் பஞ்சாங்கத்தை வரிவரியாக ஒப்பிப்பார். வீட்டுக்கு வீடு ஓர் அத்தை இருந்தாள், விருந்தாளி வந்தால் கொல்லைப்புறம் போய்ப் பாத்திரம் தேய்ப்பாள், யாரும் தன் செம்பைத் தொடக்கூடாது என்பாள். அவளுக்கு நாம் வைத்த பேர் 'கிறுக்கச்சி'. அதைவிட ஆட்டிசம் கெட்ட வார்த்தையா ஐயா? இவர் போன வருஷம் என் உவமையைத் திருடித் திருச்சியில்... சரி, அது வேண்டாம். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். ஐந்து நிமிஷம் தலைவரே.

நம் அரசாங்கக் காகிதங்களில் ஆட்டிசத்துக்கு ஒரு தமிழ் வைத்திருக்கிறார்கள்: 'புற உலகச் சிந்தனையற்றோர்'. தங்கையிடம் படித்துக் காட்டினேன். "அண்ணா, எனக்குப் புற உலகம் கொஞ்சம் குறைவா வந்தா நல்லா இருக்கும். குக்கர் விசில், பக்கத்து வீட்டு மிக்ஸி, பஸ்ல முன் சீட்டு மல்லிகைப்பூ, எல்லாம் ஒரே நேரத்துல உள்ள வருது" என்றாள். தமிழ் அறிஞர்கள் நான்கு பேர் மேடையில் இருக்கிறீர்கள், வேறு நல்ல பேர் வையுங்கள்.

சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகையில் ஆட்டிசமும் உண்டு. குழந்தைக்கு மட்டும்தான் என்று அதில் எங்கும் எழுதவில்லை. ஆனால் சான்றிதழுக்கு அளக்கிறார்களே, அந்த அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை. 'கண்ணைப் பார்க்கிறாரா' என்று ஒரு கேள்வி. தங்கையைச் சான்றிதழுக்காக அளந்த குழுவில் இருந்த பெண் டாக்டர் பெரிய ஸ்டிக்கர் பொட்டு வைத்திருந்தாராம். என்ன மதிப்பெண் விழுந்திருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள்.

"கல்யாணம் ஆகியிருக்கு, குழந்தை இருக்கு, ஆபீஸ் போறீங்க, அப்புறம் என்னம்மா?" என்றார்களாம். "சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு சொல்ல அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார்களாம். இவள் நிதானமாக, "எங்க போயிக் கூட்டிட்டு வர சார்?" என்று கேட்டிருக்கிறாள். அதையும் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி என்ன கேட்கிறாள் அவள்? உதவித்தொகையா, பஸ் பாஸா? அலுவலகத்தில் டெலிபோனுக்குப் பக்கத்து மேசையிலிருந்து சன்னலோரம் மாற்றிக் கொடுங்கள் என்கிறாள். வேலையை வாய்ச்சொல்லாக மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்கிறாள். சட்டத்தின் 20ஆம் பிரிவு அரசு அலுவலகம் இப்படிப்பட்ட வசதியைச் செய்துகொடுக்க வேண்டும் என்கிறது. மேலதிகாரி, "சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டார். அங்கேதான் நிற்கிறது வண்டி.

சான்றிதழ் மறுத்தால் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. போட்டுவிட்டோம். அம்மா இல்லை, சாட்சி சொல்ல அண்ணன் போகிறேன். கெட்டிமேளக் கதையை அங்கேயும் சொல்வேன், நான் பல்லைக் கடித்ததையும் சேர்த்து. ஆனால் என்னை எவன் நம்புவான்? பேச்சாளன்!

ஆகையால் ஒரே ஒரு வேண்டுகோள். 1990 வாக்கில் நம் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர்கள் இரண்டு பேர் இங்கே இருக்கிறீர்கள், மேடையிலிருந்தே தெரிகிறது. பள்ளி மணி அடித்தால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒரு பெண் உங்கள் வகுப்பில் இருந்தாள். ஞாபகம் இருப்பதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் டீச்சர்.