எபிரேயர் கடவுளை அழைத்த பெயர்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட விடயம் வேறு. பண்டைய எபிரேய மக்கள் கடவுளை எந்தெந்தப் பெயர்களால் அழைத்தார்கள் என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். சைவப் பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாகி வெளிவந்தது. அவர் போன வழியில் நானும் கொஞ்சத் தூரம் போகலாம்தானே.

வெளிநாட்டில் பணியாற்றிய காலத்தில் மாலை வகுப்பொன்றில் எபிரேயம் படித்தேன். ஆனால் அதற்கு வித்திட்டவர் எங்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் முழுவதும் வீதிக்கு வந்ததை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். எனக்கு அப்போது 16 வயது. சில நாட்களின் பின் தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் ரீச்சர் எங்களில் எட்டுப் பேரைக் கூட்டி வகுப்பு வைத்தார். இடாப்பு கையில் இல்லை. நினைவிலிருந்தே முழு வகுப்பின் பெயர்களையும் கூப்பிட்டார். பதில் வராத ஒவ்வொரு பெயருக்கும், “அவள் இப்ப எங்கை நிற்கிறாள்? ஆருக்கும் தெரியுமோ?” என்று கேட்டார்.

பிறகு ஆகாரின் கதையைச் சொன்னார். ஆகார் ஓர் எகிப்திய அடிமைப்பெண். வயிற்றில் பிள்ளையோடு, எசமானி சாராயின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடியவள். ஆதியாகமத்தின் அந்த அதிகாரத்தில் எசமானனும் எசமானியும் ஓரிடத்திலேனும் அவள் பெயரைச் சொல்வதில்லை; அடிமைப்பெண் என்றே சொல்கிறார்கள். நீரூற்றருகே தேவதூதன்தான் முதன்முதலில் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறான். வழிநெடுக எங்களிடமும் கேட்கப்பட்ட கேள்வி அது. அதன்பின் அவள் செய்தது வேதாகமத்தில் அவளுக்கு முன் எவரும் செய்யாத காரியம். கடவுளுக்குத் தானே ஒரு பெயர் வைக்கிறாள்: “ஏல் ரோயீ”. என்னைக் காண்கிற கடவுள் என்பது பொருள்.

அந்த “ஏல்” மிகப் பழைய சொல். எபிரேயருக்கு மட்டும் உரியதன்று. அயல் மொழிகளிலும் கடவுளைக் குறித்தது. சிரியாவின் கரையோரத்தில் ராஸ் ஷம்ரா என்னுமிடத்தில் 1929இல் தொடங்கிய அகழ்வில் உகரித் நகரத்தின் களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஏல் என்பவர் தெய்வங்களுக்கெல்லாம் தந்தை. இஸ்ரவேல், பெத்தேல், தானியேல், சாமுவேல் ஆகிய பெயர்களின் ஈற்றில் நிற்பது இந்த ஏல்தான். நம் வகுப்புகளில் இருந்த எலிசபெத்துகளின் பெயரில் அது முதலில் நிற்கிறது.

ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் வருவது “எலோஹீம்”. வடிவத்தில் அது பன்மை. ஆனால் இஸ்ரவேலின் கடவுளைக் குறிக்கும்போது அதற்குப் பெரும்பாலும் ஒருமை வினைதான் வரும். பெரியவரைப் பன்மையில் அழைத்துப் பழகிய எமக்கு இது அவ்வளவு விசித்திரமாக இராது.

“ஷத்தாய்” என்ற பெயரின் மூலம் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. சர்வவல்லவர் என்ற பொருள் கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகளின் வழியாக நிலைத்தது. மலையைக் குறிக்கும் அக்காதியச் சொல்லோடு தொடர்புபடுத்துவோர் பலர். தாயின் மார்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு இணைப்போரும் உண்டு. குழந்தை வைத்தியரான எனக்கு இரண்டாவதில் மனம் சாய்வதை மறைக்க மாட்டேன். ஆனால் கணவனையும் இரு மகன்மாரையும் பறிகொடுத்த நகோமி, தன் வாழ்வைக் கசப்பாக்கினார் என்று குற்றஞ்சாட்டுவதும் இந்த ஷத்தாயைத்தான். முருகனைப் பெயர் சொல்லி ஏசி அழுத எங்கள் தாய்மாரை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். ஏசுவதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலானது நான்கெழுத்துப் பெயர்: யோட், ஹே, வாவ், ஹே. எபிரேய வேதத்தில் ஏறத்தாழ 6,800 தடவை வருகிறது. யோர்தானில் 1868இல் கண்டெடுக்கப்பட்ட, கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டிலும் இந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. காலப்போக்கில் யூதர்கள் அதை உச்சரிப்பதை விட்டார்கள். எழுதியிருப்பது நான்கெழுத்து, வாய் சொல்வது “அதோனாய்”, என் ஆண்டவர் என்று. அதோனாயின் உயிர்க்குறிகளை நான்கெழுத்தோடு சேர்த்து வாசித்ததால் பிறந்ததே “யெகோவா”. தமிழ் வேதாகமத்தின் “கர்த்தர்” அந்த ஆண்டவர் என்ற மரபில் வந்தது. ஆனால் பெயர் முற்றாக மறைந்துவிடவில்லை. அல்லேலூயா என்று பாடும்போதெல்லாம் அதன் கடைசி அசையில் அந்தப் பெயரின் சுருக்கத்தைச் சொல்கிறோம்.

இந்தப் பெயரின் பொருள் என்ன? யாத்திராகமத்தில் மோசே பெயரைக் கேட்டபோது கிடைத்த மறுமொழி “எஹ்யே” என்ற வினைச்சொல். இருக்கிறேன் என்றும் இருப்பேன் என்றும் பொருள் கொள்ளலாம். கடவுள் உண்டா இல்லையா என்ற தத்துவத்துக்கு விடையாகவே இதை நெடுங்காலம் படித்தார்கள். ஆனால் இரண்டு வசனங்களுக்கு முன்னர், நான் போக எம்மாத்திரம் என்று தயங்கும் மோசேக்குத் துணையாக இருப்பதாக வாக்களிக்கும்போதும் இதே “எஹ்யே” வருகிறது. அந்த வகுப்பில் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சு நினைவுக்கு வந்தது. ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று அறிய, “ஐயா நிற்கிறாரோ?” என்றுதானே கேட்போம்? எஹ்யே என்பதை யாழ்ப்பாணத் தமிழில் நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: “நிற்பன்.”

பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், மிகவும் கடுமையான நிலையில் ஒரு பிள்ளை எங்கள் விடுதியில் இருந்தது. பின்னேரம் தாய் என் கையைப் பிடித்து, “டொக்டர், இரவைக்கு நிப்பியளோ?” என்று கேட்டார். பிள்ளை பிழைக்குமா என்று கேட்கவில்லை. அதற்கு என்னிடம் விடை இல்லையென்று அவருக்குத் தெரிந்திருந்தது. “நிப்பன் அம்மா” என்றேன். விடியுமுன் பிள்ளை போய்விட்டது. எந்த முகத்தோடு அவர்முன் போவது என்று தெரியாமல் போனேன். அந்தத் தாய் சொன்னது ஒன்றுதான்: “நிண்டியள்தானே.”

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான், பல ஆண்டுகள் கழித்துப் படித்த எபிரேய இலக்கணம் எனக்கு விளங்கியது. பெயர் என்பது கடவுளை வரையறுப்பதற்காக வைத்ததல்ல. துன்பத்தில் கூப்பிடுவதற்கும், கூப்பிட்டால் ஒருவர் நிற்பார் என்று நம்புவதற்கும் வைத்தது.

சகோதரிகளே, அன்று மாமரத்தின் கீழ் ரீச்சர் கூப்பிட்ட பெயர்களில் சில இன்றுவரை பதில் சொல்லவில்லை. சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். சிலர் இந்த மலரைத் தூரதேசத்தில் இருந்து வாசிப்பீர்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் வகுப்பு இடாப்பை ஒருமுறை மனதுக்குள் கூப்பிட்டுப் பாருங்கள். நீண்டகாலம் செய்தி இல்லாத ஒரு பெயருக்கு ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு. அவள் எங்கே நிற்கிறாள் என்று கேளுங்கள். நாங்கள் நிற்கிறோம் என்று சொல்லுங்கள்.