சின்ன வயசு டிவியும் நம்ம கற்பனையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மணவூர் மகளிர் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மேடைப் பேச்செல்லாம் பழக்கமில்லை. சேமிப்பு, உள்கடன், தணிக்கை பத்தியெல்லாம் இங்க இருக்கிற அக்காங்க என்னைவிட நல்லா பேசுவாங்க. அதனால நான் டிவி பத்திப் பேசறேன். சிரிக்காதீங்க. காரணம் இருக்கு.

நம்ம மாதக் கூட்டத்துல தீர்மானப் புத்தகத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி என்ன பேசறோம்னு யோசிச்சுப் பாருங்க. "என் பையன் போனைக் கீழ வைக்க மாட்டேங்கறான்", "என் பொண்ணு போன் இல்லாம சாப்பிட மாட்டேங்குது." பாதி நேரம் இதுதான். அப்புறம் யாராவது ஒருத்தர், "நம்ம காலத்துல இதெல்லாம் ஏது, நாம நல்லா வளர்ந்தோம்" என்று சொல்லி முடிப்பாங்க. ஆனா நம்ம காலத்துலயும் ஒரு பெட்டி இருந்துச்சே. அந்தப் பெட்டி நமக்கு என்ன கொடுத்தது, என்ன கொடுக்காம விட்டது, இதைத்தான் இன்னைக்குப் பேசணும்னு நினைக்கிறேன்.

நான் 1988ல் பிறந்தவள். பிறந்தது திருத்தணி பக்கம் ஒரு கிராமம், வாழ்க்கைப்பட்டது மணவூர். நான் நாலாவது படிக்கும்போது எங்க தெருவில் டிவி இருந்த வீடு ரெண்டே ரெண்டு. மத்தவங்களுக்கெல்லாம் பஞ்சாயத்து டிவிதான். பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள இருக்கும். சாவி வெச்சிருக்கிறவர் வர்ற வரைக்கும் திண்ணையில காத்துக்கினு இருப்போம்.

1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் 'சக்திமான்' தொடங்கியது. முகேஷ் கன்னா நடித்தது. சுத்திச் சுத்திப் பறப்பாரே, அவர்தான். பேசறது எல்லாம் இந்தி. எங்களுக்கு இந்தியில ஒரு எழுத்து தெரியாது. அதுக்காக யாரும் எழுந்து போனது இல்ல. கண்ணாடி போட்டுக்கிட்டு அசடு மாதிரி சிரிக்கிற கங்காதர் என்ன சொல்றார்னு நாங்களே முடிவு பண்ணிக்குவோம். "இன்னைக்கு வாடகை குடுக்கலையாம், அதான் அந்தம்மா கத்துது" என்று ஒருத்தி சொல்லுவா. "இல்லடி, அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம்" என்று இன்னொருத்தி சொல்லுவா. யார் சொன்னது பொருத்தமா இருக்கோ அதுதான் அன்னைக்குக் கதை. உண்மையான கதை என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எங்க கதை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

இன்னொண்ணு கரண்ட். படத்தில் வில்லன் கத்தியை ஓங்கும்போது போயிடும். எங்க அம்மா களை எடுக்கப் போற ஆள், ராத்திரி டிவி பார்க்க உட்கார மாட்டாங்க. மறுநாள் வேர்க்கடலை உடைக்கும்போது, "நேத்து படத்துல அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்பாங்க. கரண்ட் போச்சுன்னு சொன்னா பேச்சு முடிஞ்சிடும். நான் மீதிக் கதையை நானே சொல்லுவேன். கூட உட்கார்ந்து கடலை உடைக்கிற பொம்பளைங்க எல்லாம் கேட்பாங்க. அழ வேண்டிய இடத்துல அழுவாங்க. கதை நல்லா இருந்தா கடலையும் சீக்கிரம் முடியும்.

கொஞ்சம் பழைய விஷயம் சொல்றேன். நூலகத்தில் படித்தது. நம்ம நாட்டில் கிராமத்துக்கு டிவி வந்ததே பாடம் சொல்லிக் கொடுக்கத்தான். 1975 ஆகஸ்டிலிருந்து 1976 ஜூலை வரை ஒரு வருஷம், செயற்கைக்கோள் மூலமாக 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சி காட்டினார்கள். நம்ம இஸ்ரோவும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து செய்தது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஆந்திராவும் அந்த ஆறில் ஒன்று. விவசாயம், ஆரோக்கியம், குடும்ப நலம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடம் என்று காட்டியிருக்கிறார்கள். அதே 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் சென்னைத் தொலைக்காட்சி நிலையமும் தொடங்கியது. பிறகு 1987ல் ராமாயணம், 1988ல் மகாபாரதம் தொடராக வந்தது. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. 2006ல் அரசாங்கம் இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. பஞ்சாயத்து டிவி முன்னாடி கூடின கூட்டம் அவங்கவங்க வீட்டுக்குள்ள போயிடுச்சு.

டிவி வர்றதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துல கூத்துதான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்க்காதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க. ராஜா வேஷம் வரும்போது ரெண்டு பேர் திரையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. பின்னாடி சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும், பாட்டு கேட்கும், ஆள் தெரியாது. அந்த நேரத்துல நம்ம மனசுக்குள்ள ஒரு ராஜா வந்து நின்னுடுவார். திரையை விலக்கினா வர்றது நம்ம பக்கத்து ஊர்க்காரர்தான். ஆனா அதுக்குள்ள அவரை நாம ராஜாவா ஆக்கிட்டோம்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். கற்பனை வளர ஒரு இடைவெளி வேணும். கூத்தில் திரை ஒரு இடைவெளி. சக்திமானில் புரியாத இந்தி ஒரு இடைவெளி. கரண்ட் போனது ஒரு இடைவெளி. 'தொடரும்' என்று போட்டுட்டு அடுத்த வாரம் வரைக்கும் காக்க வெச்சதும் இடைவெளிதான். அந்த இடத்தை நாம நிரப்பினோம். இன்னைக்கு என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. அவ போன்ல ஒரு வீடியோ முடியறதுக்குள்ள அடுத்தது தானா வந்து நிக்குது. நிரப்பறதுக்கு இடமே இல்ல. நம்ம பிள்ளைங்களுக்கு அறிவு குறைஞ்சு போகலை, அக்கா. இடம்தான் குறைஞ்சு போச்சு.

ஆனா இடைவெளி மட்டும் இருந்தா போதுமா? போதாது. உள்ள ஒரு உணர்ச்சி இருக்கணும். இதுக்கு நான் வெளியூர் உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. மணவூர்ல ரயில் ஏறினா அரக்கோணம் பக்கம் அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு.

ஏ.பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படம் 1973ல் வந்தது. நான் அதை டிவியில்தான் பார்த்தேன். சின்ன வயசு புனிதவதியாக லட்சுமி, அம்மையாராக கே.பி. சுந்தராம்பாள். அவங்க தலையால நடக்கிறதைப் பார்த்து நான் வாயைப் பிளந்துட்டேன். எங்க ஆயா சொன்னாங்க, "அந்தம்மா வேற எங்கயும் போவலடி, நம்ம திருவாலங்காட்டுக்குத்தான் வந்தாங்க" என்று. டிவிக்குள்ள இருக்கிறவங்க நம்ம ஊருக்கு வந்தவங்களா! எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரலை.

அவங்க கதை உங்களுக்குத் தெரியும். புனிதவதி நம்மைப் போல ஒரு குடும்பப் பெண். வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய ரெண்டு மாம்பழத்தில் ஒன்றைப் பசியோடு வந்த அடியாருக்குக் கொடுத்தாங்க. அதில் நடந்த அதிசயத்தைப் பார்த்துப் பயந்து வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிட்டார். வேறு ஊரில் வேறு கல்யாணமும் பண்ணிக்கிட்டார். இந்தம்மா அழகும் வேண்டாம், பேய் உருவம் போதும் என்று கேட்டு வாங்கிக்கிட்டு, திருவாலங்காட்டுக்கு வந்து பாடினாங்க. சுடுகாட்டையும் பேய்களையும், அங்கே ஆடுகிற சிவனையும் பாடினாங்க. தன் பெயரையே பாட்டில் காரைக்கால் பேய் என்று வெச்சாங்க. 1,400 வருஷத்துக்கும் மேல் ஆகியும் அந்தப் பாட்டு இருக்கு. அறுபத்து மூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவங்க மட்டும் உட்கார்ந்திருப்பாங்க.

பக்தியில பாடினாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அது சரிதான். ஆனா ஒரு பொம்பளையா நான் நினைக்கிறது, அந்த பக்திக்குள்ள எவ்வளவு துக்கம் கரைஞ்சிருக்கும்! வீட்டுக்காரர் போன பின்னாடி அவங்க மூலையில உட்கார்ந்து அழுது முடிச்சிருக்கலாம். அந்த துக்கத்தைப் பாட்டாக்கினாங்க.

நம்ம பக்கமும் பாருங்க. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு எத்தனை பூக்காவடி போகுது! கட்டறவங்க எல்லாம் படிச்சா கட்டறாங்க? பிள்ளைக்கு உடம்பு தேறணும்னு ஒரு வேண்டுதல், கை தானா வேலை செய்யுது.

நம்ம குழுவுல நடந்ததையும் சொல்லணும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வாரக் கடன் பத்தி ஒரு நாடகம் போட்டோம். வசனம் நான்தான் எழுதினேன். கடன்காரர் வந்து வாசல்ல உட்கார்ந்திருப்பார். கடன் வாங்கின பொம்பளை பக்கத்து வீட்டுல ஒளிஞ்சிருப்பா. அவ பிள்ளை வெளிய வந்து "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லும். அந்தப் பொம்பளை வேஷத்துக்கு யாரும் வரலை. கூட்டத்துல வாயே திறக்காத ஒரு அக்கா, "நான் நிக்கறேன்" என்று வந்தாங்க. பேர் சொல்ல மாட்டேன், அவங்க இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன்.

நான் எழுதிக் கொடுத்த வசனம், "அடுத்த வாரம் கட்டிடறேன் சார்." அவங்க வெளிய வந்தாங்க, நின்னாங்க. ரொம்ப நேரம் பேச்சு வரலை. அப்புறம் சொன்னாங்க, "பணம் அடுத்த வாரம் கட்டிடலாம் சார். என் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்துட்டேனே, அதை எப்பிடி சார் கட்டறது?"

கொட்டாயில ஒரு சத்தம் இல்ல. நாடகம் முடிஞ்சு, "எப்பிடிக்கா அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "வசனம் மறந்துபோச்சுடி. வாயில வந்ததைச் சொன்னேன்" என்றாங்க. மறந்துபோனது ஒரு இடைவெளி. வருஷக் கணக்கா உள்ள அடைச்சு வெச்ச வெட்கமும் கோபமும் அந்த இடத்துல வந்து நின்னுச்சு. நான் பத்து நாள் உட்கார்ந்து எழுதினாலும் அந்த ஒரு வரி எனக்கு வந்திருக்காது. அடுத்த வாரமே ரெண்டு பேர் குழுவுக்கு வந்து, தாங்களும் வெளியில கடன் வாங்கி மாட்டிக்கிட்டதை வாய்விட்டுச் சொன்னாங்க. குழுவில் கடன் கொடுத்து அதை அடைச்சோம். கணக்குப் புத்தகம் கேட்டு வராத உண்மை ஒரு நாடகம் கேட்டு வந்தது.

அதனால தங்கச்சிங்களே, கற்பனை என்றால் வேலை இல்லாதவங்க பண்றதுன்னு நினைக்காதீங்க. ஏக்கம், கோபம், துக்கம், ஆசை இதெல்லாம் நம்மகிட்ட மூட்டை மூட்டையா இருக்கு. உள்ளயே வெச்சிருந்தா தலைவலியாவும் தூக்கமில்லாமையாவும் நிக்குது. ஒரு கோலமா, ஒரு பாட்டா, ரவிக்கையில போடற ஒரு பூ வேலையா, பிள்ளைக்குச் சொல்ற ஒரு கதையா வெளிய வந்தா அது நமக்கும் பலம், பார்க்கிறவங்களுக்கும் பலம்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் வீட்டில் செய்யறதைச் சொல்றேன். போனைப் பிடுங்கி ஒளிச்சு வெச்சா நடக்காது, தேடி எடுத்துடுதுங்க. ரெண்டு வயசு முடியாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், நாலு வயசு வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொல்லியிருக்கு. சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்ட போன் கொடுக்கிறவங்க இதை மனசுல வெச்சுக்கோங்க. பெரிய பிள்ளைன்னா நான் இப்பிடிப் பண்றேன். படம் பாதி ஓடும்போது நிறுத்திடுவேன். "மீதியைப் போய் ஆயாவுக்குச் சொல்லு" என்பேன். என் மாமியாருக்குக் கண் சரியாத் தெரியாது, கதைதான் அவங்களுக்கு டிவி. முதல் நாள் என் பொண்ணு தட்டைத் தள்ளி வெச்சுட்டுப் போய் உட்கார்ந்தா. மூணாம் நாள் அந்தக் கோபத்தோடவே கதையை முடிச்சா. கதையில ஒரு பொல்லாத அம்மா வந்தாங்க. யாருன்னு எனக்குப் புரிஞ்சுது, நான் ஒண்ணும் சொல்லலை. கோபமும் கதையாகட்டும். இப்போ தினமும் ராத்திரி ரெண்டு பேரும் முடிவை மாத்தி மாத்திச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒண்ணு. ஒவ்வொரு மாதக் கூட்டத்துலயும் வரவு செலவு முடிஞ்ச பின்னாடி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. வாரம் முழுக்கப் பேசாத ஒரு உறுப்பினர் அந்தப் பத்து நிமிஷம் ஒரு கதையோ, பாட்டோ, தன் மனசுல இருக்கிறதையோ சொல்லட்டும். யாரும் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. இதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டா இன்னும் சந்தோஷம். சேமிப்பு 20 ரூபாயில ஆரம்பிச்ச மாதிரி, இதையும் பத்து நிமிஷத்துல ஆரம்பிக்கலாம்.