வேலை இழந்தவரின் பொழுது

தொழில் என்பது வயிற்றுப்பாட்டுக்குரிய வழி மாத்திரமே என்று பலரும் எண்ணுகின்றனர். மாத முடிவிற் கைக்கு வரும் சம்பளமே அதன் முழுப் பயன் என்று கருதுகின்றனர். அவ்வளவுதான் என்றால், வேலை போனவருக்கு நேரும் நட்டம் பணநட்டம் ஒன்றே ஆதல் வேண்டும். கையிற் சிறிது சேமிப்பும், கொடுத்துதவ உறவினரும் உள்ளவர் முன்போலவே மனத்தெம்புடன் நடமாட வேண்டும். ஆனால் அப்படி நிகழ்வதில்லை. பல மாதங்கள் வேலையின்றி இருந்த ஒருவரைக் கேட்டால், பணத்தோடு வேறொன்றும் தம்மை விட்டுப் போயிற்று என்பார். அது யாது என்று சொல்லத்தான் அவருக்கு வார்த்தை அகப்படுவதில்லை.

அந்த வேறொன்றை அளந்து காண முயன்ற ஆராய்ச்சி ஒன்று, 1931ஆம் ஆண்டில் ஒஸ்திரியா நாட்டிலே தொடங்கியது. தலைநகராகிய வியன்னாவிலிருந்து புகையிரதத்திற் சிறிது தூரம் சென்றால் கிராமற்நொய்சீட்ல் என்னும் ஊர் வரும். அங்கே ஒரு துணி ஆலையைச் சுற்றி வளர்ந்த தொழிலாளர் குடியிருப்பே மரியென்தால். ஆலை 1830இல் நிறுவப்பட்டது. நூறாண்டு காலம் அதன் சங்கொலியே அவ்வூர் மக்களின் நாளை வகுத்தது. 1929ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நூற்கும் பகுதி மூடப்பட்டது. பின் ஒவ்வொரு பகுதியாக மூடி, 1930 பெப்ரவரியில் நெசவுப் பகுதியும் நின்றது. சில நாட்களுள் ஆலையை இடித்து அகற்றும் வேலை தொடங்கிற்று. அவ்வூரில் இருந்த குடும்பங்கள் 478. அவற்றுள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, அரசாங்கம் கொடுத்த உதவிப்பணத்தை நம்பியே வாழவேண்டியதாயிற்று.

மாரி யகோடா, போல் லசார்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசெல் ஆகியோரும் அவர்களுடைய தோழர்களும் அவ்வூருக்குச் சென்றனர். கேள்வித்தாளைக் கையிற் பிடித்துக்கொண்டு வீடுவீடாகத் திரிய அவர்கள் விரும்பவில்லை. பழைய உடுப்புகளைச் சேர்த்துக் கொடுத்தனர். வைத்திய ஆலோசனைக்கு ஒழுங்கு செய்தனர். பெண்களுக்குத் துணி வெட்டும் வகுப்பு நடத்தினர். ஊருக்கு உதவிக்கொண்டே ஊரை அறிந்தனர். அவர்கள் கண்டவை 1933இல் நூலாக வெளிவந்தன.

வேலையில்லாதவருக்கு ஓய்வு நிரம்ப உண்டு. ஆகவே அவர் நிறைய வாசிப்பார், ஊர்க் காரியங்களில் மிகுதியாக ஈடுபடுவார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். மரியென்தாலில் நடந்தது இதற்கு நேர்மாறானது. தொழிலாளர் வாசிகசாலையில் முன்னர் நூலுக்குக் கட்டணம் இருந்தது; பின்னர் இலவசமாயிற்று. அப்படியிருந்தும் 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் எடுக்கப்பட்ட நூல்களின் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. பொழுது பெருகியது, அதைப் பயன்படுத்தும் ஆற்றலோ சுருங்கியது.

ஆராய்ச்சியாளர் ஒரு வீட்டின் சாளரத்தருகே அமர்ந்து, ஊரின் பெரிய தெருவால் நடந்து போவோரைக் கவனித்தனர். ஒரு முந்நூறு மீற்றர் தூரம். அதற்குள் ஆண்களிற் பெரும்பாலோர் இரண்டு தடவையேனும் நின்றனர். நிற்காமல் நடந்தவர் மிகச் சிலரே. நின்றவர்களுக்கு அங்கே ஒரு காரியமும் இல்லை. விரைந்து போய்ச் சேரவேண்டிய இடமும் இல்லை. நூறு ஆண்களைப் பார்த்ததில் எண்பத்தெட்டுப் பேரிடம் மணிக்கூடு இல்லை. அவர்களுள் முப்பத்தொருவரின் வீட்டில் மணிக்கூடு இருந்தது. ஆயினும் அதை எடுத்து அணியவில்லை. நேரம் அறிந்து ஆவதென்ன? ஒரு நாளில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதித் தரும்படி கேட்டபோது, எழுந்தது, உண்டது, படுத்தது ஆகிய மூன்றுக்கும் இடையே நிகழ்ந்ததைப் பலராற் சொல்லவே முடியவில்லை.

பெண்களின் நிலை வேறு. சம்பளம் போனபோதிலும் சமையலும் பிள்ளைகளும் துவைப்பும் தைப்பும் போகவில்லை. குறைந்த பணத்திற் குடும்பம் நடத்தும் பாடு கூடவே செய்தது. அவர்கள் தெருவில் நிற்கவில்லை, விரைந்து நடந்தனர். எனினும் ஆலையில் முன்பு வேலை செய்த பெண்களுட் பலர் மீண்டும் அங்கே போகவே விரும்பினர். வீட்டுச் சுவருக்கு அப்பால் உள்ள உலகத்தையும் நாலு பேருடைய கூட்டுறவையும் ஆலை அவர்களுக்குத் தந்திருந்தது.

இதிலிருந்து தெரிவது யாது? தொழில் மனிதனுக்குச் சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் கேளாமலே கொடுக்கிறது. நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர் தொடர்பு, பலரோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கும் நிறைவு, ஊரில் ஒரு மதிப்பு, கையும் மூளையும் ஓயாத முயற்சி என்னும் ஐந்தையும் யகோடா அம்மையார் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். வேலை போகும்போது இவ்வைந்தும் ஒருங்கே போகின்றன. சம்பளம் போனதை முதல் மாதத்திலேயே உணர்ந்துகொள்ளலாம். மற்றவை போவது மெல்ல மெல்லவே தெரியும்.

ஆயினும் மனத்தை உறுதியாக வைத்துக்கொண்டாற் போதும், பணம் பெரிதன்று என்று சொல்வதும் தவறாகும். மரியென்தாலில் மனந்தளராது நின்ற குடும்பங்களும் இருந்தன. அனைத்தையும் கைவிட்டுச் சோர்ந்த குடும்பங்களும் இருந்தன. கணக்கெடுத்துப் பார்த்தபோது, தளராத குடும்பங்களில் ஆளொன்றுக்கு மாத வருமானம் சராசரி 34 சில்லிங். முற்றாகச் சோர்ந்தவற்றில் 19 சில்லிங். ஐந்து சில்லிங் வித்தியாசம் என்றால், தேநீருக்குச் சீனி வாங்குவதா, சக்கரீனோடு அமைவதா என்னும் வித்தியாசம். வறுமை ஏற ஏற மனத்தின் பலம் குறைந்தது. ஆகையால் வேலை இழந்து சோர்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று ஏசுவது அறியாமையாகும். அவருடைய சோர்வு காரணமன்று, விளைவு.

இனி, இந்நாட்டில் ஒருவருக்கு இந்நிலை வந்தால் அவர் செய்யத்தக்கது யாது? 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியும் இலங்கையிற் பல வீடுகளில் எழுப்பிய கேள்வி இது.

முதலாவது, உரிமையை அறிதல். பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட தனியார் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதாயின், அவருடைய எழுத்துமூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ பெறவேண்டும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அத்தகைய நிறுவனத்தில் ஐந்தாண்டு சேவை நிறைந்தவருக்குப் பணிக்கொடை உரியது என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே, நானாகவே விலகுகிறேன் என்று எழுதிய கடிதம் முன்னே நீட்டப்படும்போது, கலக்கத்தில் உடனே கையொப்பமிடலாகாது. ஒரு நாள் தவணை கேட்டு, தொழில் திணைக்களத்திலோ தொழிற்சங்கத்திலோ விசாரித்தபின் முடிவு செய்வதே அறிவுடைமை.

இரண்டாவது, வீட்டாருக்கு மறையாமற் சொல்லுதல். வேலை போன பின்னரும் காலையிற் புறப்பட்டுப் போய்ப் பூங்காவிற் பொழுதுபோக்கி மாலையில் வீடு திரும்புவோர் உண்டு. அந்த மறைப்பினால், குடும்பத்தின் செலவு பழைய அளவிலேயே ஓடுகிறது, கடன் ஏறுகிறது. முதற் கிழமையிலேயே சொல்லிவிட்டால், எதைக் குறைப்பது, எதைக் காப்பது என்று எல்லாரும் கூடி முடிவு செய்யலாம். வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. வேலை கிடைத்ததா என்று நாள்தோறும் வாசலில் வைத்துக் கேளாமல் இருப்பதே அது.

மூன்றாவது, நாளுக்கு ஓர் அமைப்பைத் தாமே வகுத்தல். பழைய நேரத்தில் எழுந்து, காலைப் பொழுதை வேலை தேடுவதற்கென ஒதுக்கிக்கொள்ளலாம். பிற்பகலில் வீட்டு வேலையில் ஒரு பங்கு, ஒரு புதிய கைத்தொழிற் பயிற்சி, அல்லது ஊர்ச் சங்கத்தின் கணக்கெழுதும் பணி எதுவாயினும் ஆகுக. முழுநாளும் தேடுவேன் என்று தொடங்குவோர் விரைவிற் களைத்துப்போகின்றனர்.

நான்காவது, மனிதரை விட்டு விலகாதிருத்தல். வெட்கம் ஒருவரை வீட்டுக்குள் அடைக்கிறது. ஆனால் வேலையோ பெரும்பாலும் மனிதர் வாயிலாகவே வருகிறது. அமெரிக்காவில், மசாசூசெற்ஸ் மாநிலத்தின் நியூற்றன் நகரில், வேலை மாறியவர்களை மார்க் கிரனோவெற்றர் என்னும் சமூகவியலாளர் ஆராய்ந்தார். பாதிக்கு மேற்பட்டோர் அறிந்தவர் மூலமே வேலை பெற்றிருந்தனர். அதிலும் பெரும்பாலாருக்குச் செய்தி சொன்னவர் நெருங்கிய நண்பர் அல்லர். எப்போதாவது சந்திக்கும் பழைய அறிமுகக்காரரே. 1973இல் அவர் இதற்குக் காட்டிய காரணம் எளியது. நெருங்கியவர் அறிந்ததை நாமும் அறிவோம். தூரத்தில் உள்ளவரே நாம் அறியாத இடத்துச் செய்தியை அறிவார். ஆகவே பழைய மேற்பார்வையாளர், உடன்படித்தவர், முன்பு சரக்குக் கொடுக்கல் வாங்கல் செய்தவர் ஆகியோரிடம், இன்ன வேலை எனக்குத் தெரியும், இடம் இருந்தால் அறிவியுங்கள் என்று சொல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. அது பிச்சையன்று; தன் கைத்திறனுக்கு விலை கேட்டல்.

இவ்வளவும் தனி மனிதர் செய்யக்கூடியவை. மூடிய ஆலையை ஒருவர் தனியே திறக்க முடியாது. அதற்கும் மரியென்தாலிலே ஒரு பாடம் உண்டு. ஆலை மூடித் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின், 2020 ஒக்ரோபரில், அதே கிராமற்நொய்சீட்லில், ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருந்த ஒவ்வொருவருக்கும் சம்பளத்துடன் வேலை தருவதாக மாநிலத்தின் வேலைவாய்ப்புச் சேவை முன்வந்தது. எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. முதலிற் சில கிழமை ஆயத்தப் பயிற்சி. பின் அவரவர்க்கு ஏற்ற தொழில். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளியலாளர் அத்திட்டத்தின் பயனை ஆராய்ந்தனர். வேலை பெற்றோரின் வருமானத்தோடு, நாளின் ஒழுங்கும், மனிதர் தொடர்பும், தம்மை மதிக்கும் உணர்வும் உயர்ந்தன என்று கண்டனர். முன்பு எவையெவை போயின என்று அவ்வூர் காட்டியதோ, அவையே திரும்பி வந்தன.

வேலை இழந்தவர் உழைக்கும் தகுதியை இழந்தவர் அல்லர். தச்சன் கையில் உளி இல்லாத நாளிலும் அவன் தச்சனே. அடுத்த வாசல் திறக்கும் வரையிற் கையின் பழக்கமும் பொழுதின் ஒழுங்கும் கெடாமற் காத்துக்கொள்வது அவர் பொறுப்பு. அவர் நடுத்தெருவில் நின்றுவிடாமல் நடந்துகொண்டே இருக்கத் துணை செய்வது வீட்டாரின் பொறுப்பு, ஊராரின் பொறுப்பு, நாட்டின் பொறுப்பு.